இரண்டு மில்லிமீட்டர்

தேவராஜ் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. அதை ஒரு குறை என்று அவரிடமே சொன்னவர்கள் உண்டு. அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள், உள்ளே என்ன காரணம் இருக்கும் என்று அவர் நாலு நாள் யோசித்ததும் உண்டு. செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறையில், சக்கரங்கள் கடைந்து பொருத்தும் பிரிவில் அவருக்கு முப்பத்தாறு வருஷ வேலை. கடைசிப் பதினெட்டு வருஷம் இன்ஸ்பெக்டர். கடைசல் முடிந்த சக்கர அச்சு, அதாவது ஆக்ஸில், அவரிடம் வரும். கொண்டுவந்தவன் "சரியா இருக்கு சார்" என்றால் இரண்டு தடவை அளப்பார். "நீங்களே பாத்துக்குங்க சார்" என்றால் மூன்று தடவை. அளவு நூலிழை தப்பினாலும் சிவப்புப் பெயின்ட் டப்பாவில் பிரஷை முக்கிப் பெரிய பெருக்கல் குறி போட்டுவிடுவார். பட்டறையில் அவருக்கு 'டவுட் தேவராஜ்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவர் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார்.

வம்பு என்னவென்றால், மாலையில் சங்கு ஊதியதும் மற்றவர்கள் வேலையைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு சைக்கிளில் ஏறுவார்கள். இவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். பால்காரர் மேல் சந்தேகம் வந்து ஒரு லாக்டோமீட்டர் வாங்கினார். அதை முக்கிப் பார்த்ததும் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. பால்காரர் மல்லிகார்ஜுன சாமிமேல் சத்தியம் செய்தார். ஒரு வாரம் நடந்த அந்த விசாரணை, மனைவி தங்கம் தானே ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றியதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிந்தது. ஸ்டீல் ஸ்கேல் வளைந்திருந்தது. மகள் ஜெஸ்ஸி ஒத்துக்கொண்டாள். பீரோ சாவி இடம் மாறியிருந்தது, தங்கம் ஒத்துக்கொண்டாள்.

அவர் அடிக்கிறவர் இல்லை. கத்துகிறவரும் இல்லை. கேட்பார், அவ்வளவுதான். காலையில் கேட்டதை மத்தியானம் வேறு மாதிரி கேட்பார். ராத்திரி சாப்பாட்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சோறு பிசைந்துகொண்டே, குரலை உயர்த்தாமல், "அப்ப நீ எங்க நின்னுட்டிருந்தே?" என்பார். யாராவது ஒருவர் வாயிலிருந்து உண்மை வரும்வரை ஓய மாட்டார். ஒவ்வொரு தடவையும் வந்தது. தான் சந்தேகப்பட்டது ஒருபோதும் வீண்போனதில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

வீண்போனது ஒன்றே ஒன்று. ஜெஸ்ஸிக்குப் பதினோரு வயசு அப்போது. சர்ச்சில் வயலின் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று சேர்ந்தாள். செகந்திராபாதில் ஒரு கடையில் வயலின் வாங்கினார்கள். "எல்லாம் முழு மரம் சார், பிளைவுட் கிடையாது" என்று கடைக்காரர் சொன்னார். கேட்காமலேயே சொன்னார். கேட்காமலேயே ஒருவன் எதற்குச் சொல்ல வேண்டும்? தேவராஜ் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் மகளும் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், சமையலறைக் கத்தியை மேல்பலகைக்கு அடியில் நுழைத்து நெம்பினார்.

முழு மரம்தான். கடைக்காரர் யோக்கியர். ஆனால் பலகை நடுவில் பிளந்துபோயிற்று. ஒட்டிப் பார்த்தார்கள், அதன்பிறகு அதில் வில்லை வைத்தால் தகர டப்பாவைச் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. ஜெஸ்ஸி அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "விடுடா கண்ணு, அப்பாவே உனக்கு ஒண்ணு செஞ்சு தரேன்" என்றார். "சரிப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அவள் தன் பொருள் எதையும் அவர் கையில் கொடுத்ததில்லை. வாட்ச் நின்றால் கடைக்குப் போனது. ஸ்கூட்டி மக்கர் செய்தால் தெருக்கோடி மெக்கானிக்கிடம் போனது. அப்பா ஸ்பேனரும் கையுமாக வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். தனக்குப் பிடித்தவன் இன்னார் என்பதைக்கூட அம்மாவிடம் சொல்லி, அம்மா வழியாகத்தான் அவருக்குச் செய்தி வந்தது. மகள் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாவற்றுக்கும் "சரிப்பா" தான். இதையெல்லாம் அவர் கவனிக்காமல் இருப்பாரா? கவனிப்பதுதானே அவர் பிழைப்பு.

ஓய்வு பெற்றதும் வயலின் செய்ய உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்றார். அவருக்கு வேண்டியிருந்தது ஜெஸ்ஸி. தான் செய்ததை அவள் வாங்கித் தோளில் வைத்து வாசிக்க வேண்டும், பழையபடி தன் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும். மற்றபடி அவருக்குச் சங்கீதத்தில் சா என்றும் தெரியாது, பா என்றும் தெரியாது.

வீட்டின் பின்புறம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஒரு மூலை. அங்கேதான் அவருடைய பட்டறை. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தார். வீடியோவில் பேசுகிற வெள்ளைக்காரர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பிளைவுட்டில் வயலின் வடிவத்தில் ஒரு கட்டை வெட்டிக்கொண்டு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த மேப்பிள் பட்டைகளைத் தண்ணீரில் நனைத்து, சூடாக்கிய இரும்புக் குழாய்மேல் அழுத்தி வளைத்து, அந்தக் கட்டையைச் சுற்றிப் பக்கச்சுவராக ஒட்ட வேண்டும். பதினேழு பட்டைகள் ஒடிந்தன. தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்கிற தோல்பசையை அவர் அடுப்பில் காய்ச்சியபோது, நாற்றம் தாங்காமல் எதிர்வீட்டிலிருந்து வந்து யார் செத்துப்போனார்கள் என்று கேட்டார்கள்.

ஒரு தச்சரைக் கேட்டால் பாதி வேலை மிச்சம் என்று தங்கம் சொன்னாள்.

"தச்சனா? நக்கோ, வேணாம்" என்றார். "அவங்க வாயத் தொறந்தா 'சுமாரா' தான். சுமாரா ஒரு அடி, சுமாரா அரை இன்ச். சுமாருக்கும் எனக்கும் ஆகாது."

மேல்பலகைக்கு வேண்டிய ஸ்ப்ரூஸ் மரத்தை மாப்பிள்ளை கொண்டுவந்தான். கணேஷ்குமார் ஈரோட்டுப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. ஜெஸ்ஸியும் அவனும் மாரெட்பள்ளியில் குடியிருந்தார்கள். ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனவன், மாமனார் வயலின் செய்கிறார் என்பதற்காக ஒரு மரக்கடையைத் தேடிப் பிடித்து, ஜோடிப் பலகை இரண்டை ஸ்வெட்டருக்குள் சுற்றி எடுத்து வந்தான். தேவராஜ் நன்றி சொல்வதற்கு முன்னால் பில்லைக் கேட்டார். லென்ஸ் வைத்து மரத்தின் வரிகளைப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. குறை தெரியாததுதான் அவருக்கு உறுத்தியது. இந்தப் பையன் எல்லாவற்றுக்கும் 'சரிங்க மாமா' என்கிறான். ஒருவன் எல்லாவற்றுக்கும் சரி என்றால் அவன் மனசில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

செப்டம்பரில், விடாமல் மழை கொட்டிய ஒரு வாரத்தில், இரண்டு பலகைகளையும் நடுவில் ஒட்டி ஒரே பலகையாக்கினார். ஒட்டின கோடு வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியவில்லை. வயலின் வடிவத்துக்கு அறுத்து, ஓரம் தேய்த்து, நூலிழையையும் அளக்கிற வெர்னியரால் அளந்து நோட்டில் எழுதினார். கீழ்ப்பக்க அகலம் 206.0 மில்லிமீட்டர். பட்டறையில் அளவு சரியான ஆக்ஸிலுக்குக் குத்துகிற மாதிரி முத்திரை குத்தக் கை பரபரத்தது. ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மரம் அது. அதனால் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. அளவுதான் அடையாளம் என்று விட்டுவிட்டார்.

அதைக் குடைந்து வளைவு கொடுப்பதற்குள் கண்ணில் புரை முற்றிவிட்டது. பிப்ரவரிக் கடைசியில் ஆபரேஷன். இரண்டு மாதத்துக்கு மரத்தூள் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் இருந்தால் தொடாமல் இருக்க மாட்டார் என்று தெரிந்த தங்கம், பலகையைப் பழைய பட்டுப்புடவைத் துணியில் சுற்றி ஜெஸ்ஸி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுவும் அவருக்கு உறுத்தியது.

மே மாதம் பலகை திரும்பி வந்தது. பிரித்தார், முகர்ந்தார், தட்டிப் பார்த்தார். பிறகு அளந்தார்.

204.0.

மறுபடி அளந்தார். வெர்னியரைத் துடைத்துவிட்டு அளந்தார். பழைய சகா ஒருவரிடம் டிஜிட்டல் வெர்னியர் கடன் வாங்கி அளந்தார். எப்படி வைத்தாலும் 204. பக்கச்சுவர்மேல் பலகையை வைத்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய விளிம்பு இரண்டுதான் இருந்தது. இது அவருடைய பலகை இல்லை. யாரோ மாற்றிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். தங்கம் மட்டன் குழம்பு வைத்திருந்தாள். தேவராஜ் சாப்பாட்டு மேசைமேல் பலகையையும் நோட்டையும் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததுமே தங்கம் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

"மாப்பிள்ளை, பலகைய எங்க வெச்சிருந்தீங்க?"

"பெட்ரூம் பீரோ மேலதானுங்க மாமா. ஏசி ரூமு. வெயில் படாம இருக்கட்டும்னு ஜெஸ்ஸிதான் அங்க வெச்சா."

"கீழ எடுத்தீங்களா?"

"இல்லீங்க மாமா."

"ஒருதரம்கூட?"

"பீரோ மேல தூசி தட்டறப்ப நகர்த்தியிருப்போமுங்க."

"மொதல்ல எடுக்கலன்னீங்க. இப்ப நகர்த்தினேங்கறீங்க."

கணேஷ்குமார் ஜெஸ்ஸியைப் பார்த்தான். அவள் சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "புதுக் கண்ணுப்பா" என்றாள். "அளவு மாறித் தெரியுதோ என்னமோ."

"ரெண்டு வெர்னியர்ல பாத்தேன். ஒண்ணு டிஜிட்டலு. அதுக்குக் கண்ணே வேணாம்."

"மரந்தானுங்களே மாமா" என்று கணேஷ்குமார் மெதுவாக ஆரம்பித்தான். "சீசனுக்குத் தகுந்தாப்ல கொஞ்சம் கூடக் குறைய ஆகுமோ என்னவோ..."

தேவராஜ் சிரித்தார். அவர் சிரித்தால் விசாரணை சூடு பிடிக்கிறது என்று அர்த்தம்.

"மாப்பிள்ளை, நான் முப்பத்தாறு வருஷம் அளந்தவன். சூடு பட்டா பொருள் பெருகும். மே மாசம் வெயில்ல கெடந்த ஆக்ஸிலை எவனாச்சும் அப்படியே அளந்தான்னா அவனை நான் வெளிய அனுப்பிருவேன். நிழல்ல போட்டு ஆறவெச்சுத்தான் அளக்கணும். ஹவ், சரி, நீங்க சொல்றபடியே வெயிலுக்கு மாறிச்சுன்னே வெச்சுக்குங்க. வெயில்னா கூடணும்ல? கொறஞ்சிருக்கே. கைக்கு? ஏன்?"

அவர் சொன்னது இரும்புக்கு நூற்றுக்கு நூறு சரி. மரம் இரும்பில்லை என்பதை அந்த மேசையில் யாராலும் எடுத்துச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கப் போவதில்லை.

அடுத்த ஞாயிறும் அதே கேள்விகள் வந்தன. நடுவில் வாரநாட்களில் ஃபோனில் வந்தன. வேலைக்காரி வருவாளா, எத்தனை மணிக்கு வருவாள், அவள் பெயர் என்ன, ஏசி ரிப்பேருக்கு யாராவது வந்தார்களா, வந்தவன் ஏணி போட்டானா. ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த கணேஷ்குமாருக்கு, "பீரோவோட உயரம் எவ்வளவு?" என்று வாட்ஸப்பில் ஒரு வரி போயிற்று. அவன் டேப் வைத்து அளந்து பதில் அனுப்பினான். எதற்கு அளந்து அனுப்புகிறான், இவ்வளவு பணிவு எதற்கு என்று தேவராஜ் அதையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த உடனே கணேஷ்குமார் சொல்லிவிட்டான்.

"மாமா, நாந்தானுங்க. பீரோ மேல இருந்து எடுக்கறப்ப கை தவறிக் கீழ விழுந்து ஒடைஞ்சு போச்சுங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு மௌலா அலி ஏரியால ஒரு கார்பென்டர்கிட்டக் குடுத்து அதே மாதிரி செஞ்சு வாங்கி வெச்சேன். தப்புத்தானுங்க."

ஜெஸ்ஸி தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தேவராஜ் நாற்காலியில் சாய்ந்தார். மூன்று வாரமாக நெஞ்சில் மாட்டியிருந்த முள் வெளியே வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் அவருக்கு என்றைக்குமே முக்கியமில்லை. தெரிந்தால் போதும். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? சாப்பிடுங்க மாப்பிள்ளை" என்று பெருந்தன்மையோடு சொன்னார். அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைக்கும்படி தங்கத்திடம் சொன்னார். அந்தக் கார்பென்டர் பெயர் என்ன என்று கேட்டபோது மாப்பிள்ளை விழித்தான்தான். ஆனால் ஒத்துக்கொண்டவனை மேற்கொண்டு துருவுவது அவர் வழக்கமில்லை.

அவர்கள் போனதும் சிவப்புப் பெயின்டை எடுத்தார். பலகையின் நடுவில் பெரிய பெருக்கல் குறி போட்டு, துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த பரணில் தூக்கிப் போட்டார்.

ஜூன் மாதம் ஜெஸ்ஸி வரவில்லை. பேங்கில் ஆடிட் என்றாள். ஜூலையிலும் வரவில்லை. ஃபோன் வந்தது, அம்மாவோடு பேசினாள், வைத்துவிட்டாள். தேவராஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து, தனக்கும் கொடுப்பார்கள் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். உடைத்தவன் மாப்பிள்ளை, பொய் சொன்னவன் மாப்பிள்ளை, மன்னித்தவர் தான். அப்படியிருக்க இவள் ஏன் முகம் திருப்ப வேண்டும்? அவன்தான் மனசைக் கலைக்கிறான் என்று முடிவு கட்டினார். அதே சமயம், ராத்திரியானால் மகள் ஞாபகத்தில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. வேறு ஸ்ப்ரூஸ் பலகைக்கு ஆர்டர் போட்டிருந்தார். அது வருவதற்குள், பலகையைக் குடைந்து பழகலாமே என்று பரணில் கிடந்ததை எடுத்தார். எடுத்தவர் ஏதோ யோசனையில் அதைப் பக்கச்சுவர்மேல் வைத்தார்.

விளிம்பு இரண்டு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

வெர்னியரை எடுத்து அளந்தார். 206.1.

முதலில் அவருக்குத் தோன்றியது, இதையும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பதுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அறுபத்து நாலு வயசுவரை வளர்த்த பழக்கம். ஆனால் நடுவில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தது. அவரே போட்டது. இரண்டாவது கோட்டின் முடிவில் பெயின்ட் தீர்ந்து பிரஷ் இழுத்த தடம்கூட அப்படியே இருந்தது. அதை எந்தக் கார்பென்டரும் காப்பியடிக்க முடியாது.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டு, பலகையை உள்ளே வைத்து மூடினார். ஒரு நாள் கழித்து அளந்தார்: 205.2. மூன்றாம் நாள்: 204.4. எடுத்துத் துவைக்கிற கல்லுக்கு மேலேயே பழையபடி போட்டார். ஒரு வாரம், காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதினார். எண்கள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. எட்டாம் நாள் 206.0. மழைக்காலத்து ஈரத்தைக் குடித்துப் பலகை விரிகிறது. வெயிலிலும் ஏசியிலும் காய்ந்து சுருங்குகிறது. சூடு என்றால் பெருகும் என்று சொன்னவர் யார்? அவரேதான். ஒரு பையன் மெதுவாக வாயெடுத்தபோது சிரித்தவர் யார்? அதுவும் அவரேதான்.

அப்படியென்றால் எதுவும் கீழே விழவில்லை. எதுவும் உடையவில்லை. மௌலா அலியில் அப்படி ஒரு கார்பென்டரே இல்லை.

தங்கம் சமையலறையில் கோங்குராக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் நோட்டோடு போய் நின்றார்.

"மாப்பிள்ளை ஒடைக்கல" என்றார்.

"ஹவ், ஆமா" என்றாள் தங்கம், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கைக்கு ஒத்துக்கிட்டாரு?"

"நீங்க விடமாட்டீங்கன்னுதான். வேற எதுக்கு? ஜெஸ்ஸிதான் சொல்லிக்குடுத்திருக்கா. 'யாராவது ஒத்துக்கற வரைக்கும் எங்கப்பா விடமாட்டாரு. நீங்க ஒத்துக்குங்க, நாம ஞாயித்துக்கெழம மத்தியானம் தூங்கலாம்'னாளாம். எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டா."

"நீ எங்கிட்ட சொல்லலியே."

"சொன்னா? அப்பறம் என்னையக் கேக்க ஆரம்பிப்பீங்க."

"அப்ப பாலு?" என்றார்.

"எந்தப் பாலு?"

"பால்காரன் கேஸு. தண்ணி நாந்தான் ஊத்தினேன்னு சொன்னியே."

தங்கம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்; அதுதான் அவரை உலுக்கியது. "சொன்னேனா?" என்றாள். "இருபத்தஞ்சு வருஷம் இருக்குமே. உங்களுக்கு அப்ப நைட் ஷிப்ட்டு. நீங்க தூங்கணும், நான் உலை வெக்கணும். சொல்லியிருப்பேன்."

"ஊத்தினியா, ஊத்தலியா?"

"எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கீரைக் காம்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

அவருக்குப் பயம் வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. வாழ்நாளில் ஒரு விசாரணையும் தோற்றதில்லை என்று இறுமாந்திருந்தாரே, அதில் எத்தனை பேர் தூங்க வேண்டும் என்பதற்காகவும், உலை வைக்க வேண்டும் என்பதற்காகவும் ஒத்துக்கொண்டவர்கள்? பட்டறையில் இரும்பை மறுபடி அளக்கலாம். இவர்களை எதைக் கொண்டு அளப்பது? வீட்டில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருந்த மனுஷனுக்கு, வீட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை, பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து மாரெட்பள்ளிக்குப் போனார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவரைப் பார்த்ததும் கணேஷ்குமாரின் முகம் வெளிறியது. மறுபடி என்ன குறைந்ததோ என்று பயந்திருப்பான். அந்த முகத்தைத் தேவராஜ் பார்த்தார். பட்டறையில் எத்தனையோ பேர் முகத்தில் பார்த்ததுதான். தப்பு செய்தவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே நோட்டைப் பிரித்துக் காட்டினார். பல்புப் பெட்டியைச் சொன்னார், மழையைச் சொன்னார், எட்டு நாள் அளவையும் வரிசையாகப் படித்தார். படித்து முடித்து மூடிவிட்டு, "நான் தப்பு பண்ணிட்டேன் மாப்பிள்ளை. மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த வார்த்தை அவர் வாய்க்குப் புதுசு.

"ஐயோ, விடுங்க மாமா. நானும் பொய்தானுங்களே சொன்னேன்" என்றான் கணேஷ்குமார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனான்.

ஜெஸ்ஸி சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தேவராஜ் எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார்.

"சின்ன வயசுல நீ ஒத்துக்கிட்டதெல்லாம்" என்றார். "அதுல எது நெஜம், எது பொய்யி? சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தெரிஞ்சுக்கணும்."

"கேக்காதப்பா."

"தெரியணும்டா."

ஜெஸ்ஸி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, சலித்துப்போன குரல். "நீ கேட்டா நான் என்ன வேணும்னாலும் ஒத்துக்குவேன்பா. பண்ணினதையும் ஒத்துக்குவேன், பண்ணாததையும் ஒத்துக்குவேன். எது எதுன்னு எனக்கே குழம்பிப்போச்சு. இப்ப நான் சொல்றத நீ நோட்ல எழுதிட்டுப் போவே. அது நெஜம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவர் பேனாவை மூடினார். மூடி சரியாக விழவில்லை; இரண்டு தடவை அழுத்தினார். சமையலறையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. கேட்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் வந்த காரியமே அந்த ஒன்றுதான். இருபது வருஷமாக மனசில் வைத்திருந்ததும் அதுதான்.

"எம்மேல கோவமாடா கண்ணு?"

"இல்லப்பா" என்றாள் ஜெஸ்ஸி. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

தேவராஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே கோபம் இல்லையா, இல்லை அவர் எழுந்து போனால் போதும் என்று சொன்னதா, தெரியவில்லை. இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு 'இல்லப்பா' வரும். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், சலித்துப்போய் ஒரு 'ஆமாம்ப்பா'வும் வரும். இரண்டில் எதை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது? நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, "சரிடா" என்றார்.